வடிகட்டியில் விழுந்த சாட்சி

“வந்துச்சாங்க?”

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சிவகாமு கேட்டது இது மூன்றாவது முறை. உள்ளே தில்லைநாதன் ஒரு கையில் டீ வடிகட்டியும் மறு கையில் டார்ச்சுமாக நின்று, வலைக்குள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்திருந்தது. ஒன்றல்ல, ஏழு. கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, உடைத்த வெல்லத்தின் தூள் மாதிரி மஞ்சளும் பழுப்புமாக ஏழு துண்டுகள். போன மாதம் முதுநகர் ரயில் நிலையத்தில், அத்தனை பேர் பார்க்க, அவரை நடைமேடையில் சுருண்டு விழவைத்த கல் இதுதான். இப்போது சாதுவாக, ஆளுக்கொரு பக்கமாகக் கிடந்தது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். தில்லைநாதனுக்கு வியர்த்துக் கொட்டியது.

“இன்னும் வரல!” என்று குரல் கொடுத்தார்.

“மூணு சொம்பு தண்ணி குடிச்சீங்களே?”

“தண்ணி வருது. கல்லு வரல.”

தில்லைநாதனுக்கு நாற்பத்தாறு வயது. கடலூர் முதுநகரில் தண்ணீர் மோட்டார் கடை ஒன்றில் பதினெட்டு வருடமாக விற்பனையாளர். வீடு சிதம்பரம் தெற்கு வீதியை ஒட்டிய சந்தில். எந்த மோட்டார் எத்தனை அடி ஆழத்திலிருந்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இழுக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஊருக்கெல்லாம் தண்ணீர் வரவழைத்துத் தரும் அந்த மனிதர், ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் குடித்ததில்லை. கடையில் கழிப்பறை இரண்டாவது மாடியில் இருந்தது. ஏறி இறங்க அலுப்பு.

அந்த அலுப்பெல்லாம் சேர்ந்து இடது சிறுநீரகத்தில் ஒன்பது மில்லிமீட்டர் கல்லாக உட்கார்ந்தது.

கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பார்த்த டாக்டர், கத்தி வைக்கத் தேவையில்லை, ஷாக் வேவ் கொடுத்து வெளியிலிருந்தே உடைத்துவிடலாம் என்றார். சிவகாமு தாலிக்கொடியைக் கையில் பிடித்துக்கொண்டாள். அவளைச் சமாதானப்படுத்தும் வேலை, அந்த மெஷினை இயக்கும் அருள்மொழி என்ற பெண்ணிடம் வந்தது. சமாதானம் செய்வதைவிட விளக்கிச் சொல்வதில் அருள்மொழிக்கு ஆசை ஜாஸ்தி.

“கரண்ட்டெல்லாம் அவரு ஒடம்புக்குள்ள போகாதும்மா. போறது வெறும் அலை. சத்தம் காத்துல வருதுல்ல, அந்த ஜாதிதான். என்னா, இது கொஞ்சம் முரட்டு அலை.” மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கிண்ணம் ஒன்றை வரைந்தாள். “மெஷினுக்குள்ள இந்த மாதிரி ஒரு கிண்ணம் இருக்கு. கெளம்புற அலையெல்லாத்தையும் இது ஒரே புள்ளிக்குத் திருப்பி விட்டுரும். சின்ன வயசுல பூதக்கண்ணாடியில வெயில புடிச்சு பேப்பர் பொசுக்கியிருப்பீங்க. கண்ணாடிகிட்ட கைய வச்சா சுடாது. அந்தப் புள்ளியில வச்சாதான் சுடும். அந்தப் புள்ளியில சாரோட கல்ல கொண்டாந்து நிறுத்தணும். அதுதான் என் வேல.”

“நடுவுல தோலு, சதையெல்லாம் இருக்கேம்மா?” என்றார் தில்லைநாதன். மெஷின் என்றால் அவருக்கும் ஆர்வம்தான்.

“நல்லா கேட்டீங்க சார். நம்ம சதையில முக்காவாசி தண்ணி. அலைக்குச் சதையும் தண்ணியும் ஒண்ணுதான், தடையில்லாம போயிடும். கல்லு வந்ததும்தான் முட்டும். முன்பக்கம் ஒரு இடி. உள்ள பூந்த அலை பின்பக்கச் சுவத்துல மோதித் திரும்பும்போது உள்ளேர்ந்து ஒரு இழுவை. கேரம் காய வரிசையா ஒட்டி வச்சு முன்னாடி அடிச்சா கடைசிக் காய்தான தெறிக்கும்? அது மாதிரி கல்லோட பின்பக்கம் பிச்சுக்கும். இப்படி ரெண்டாயிரத்தஞ்சூறு அடி. விரிசல் மேல விரிசல் வுட்டு மணலா உதிந்துரும்.”

“வேகமா அடிச்சா சீக்கிரம் முடிஞ்சிடுமே?”

“அதான் கூடாது. வேகமா அடிச்சா கல்ல சுத்தி குட்டிக் குட்டிக் குமிழி நிக்கும். அடுத்த அலைய அது வாங்கிக்கும், கல்லு தப்பிச்சிரும். நிமிஷத்துக்கு அறுவது, எழுவது போதும்.”

“பம்புல காத்துக் குமிழி நிக்கிற மாதிரி!” தில்லைநாதனின் முகம் மலர்ந்தது. “அப்ப அந்த ஜெல்லு?”

“மெஷினுக்கும் தோலுக்கும் நடுவுல காத்து இருக்கக் கூடாது சார். காத்து இருந்தா அலை அங்கயே நின்னுரும்.”

“ஏர் லாக்!” என்று கத்தினார் தில்லைநாதன். பக்கத்தில் இருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

வலிக்கு ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். டொக், டொக், டொக் என்று, யாரோ இடுப்பில் விரலால் சுண்டுகிற மாதிரி முக்கால் மணி நேரம். ஆயிரம் வரை எண்ணிக்கொண்டிருந்தவர் அதற்குமேல் தூங்கிவிட்டார். எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வினை அதற்குப் பிறகுதான் வந்தது.

“ரெண்டு வாரத்துக்கு நெறைய தண்ணி குடிங்க. ஒவ்வொரு தடவையும் வடிகட்டியில புடிங்க. துண்டு விழுந்தா பத்திரமா லேபுக்குக் குடுக்கணும்” என்றாள் அருள்மொழி.

“உடைஞ்ச கல்ல வச்சு என்னா பண்றது?” என்று கேட்டாள் சிவகாமு.

“அடுத்த கல்லு வராம தடுக்கணும்லம்மா. கல்லு எதால ஆனதுன்னு தெரிஞ்சா, சாரு எத ஜாஸ்தி சாப்புடறாருன்னு ஓரளவு புடிச்சிரலாம். முந்திரி, பசலைக்கீரை ஜாஸ்தின்னா ஆக்ஸலேட் கல்லு வரும். ஆட்டுக்கறி, எறா, நெத்திலின்னு வெளுத்துக் கட்டுறவங்களுக்கு யூரிக் ஆசிட் கல்லு.”

“எங்க வீட்ல அந்தப் பேச்சே கெடையாதும்மா. நாங்க சுத்த சைவம்.”

“எதுவா இருந்தாலும் கல்லு சொல்லிரும்” என்று சிரித்தாள் அருள்மொழி.

சிவகாமு திரும்பிக் கணவரைப் பார்த்தாள். தில்லைநாதன் மருந்துச் சீட்டில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். தில்லைநாதன் பிறந்தது மீன் வாசனையோடு வளர்ந்த முதுநகர்க் குடும்பத்தில். சிவகாமுவின் குடும்பமோ நடராஜர் கோயிலைச் சுற்றியே தலைமுறைகளாகப் புழங்கிவரும் சைவக் குடும்பம். பதினாலு வருடத்துக்கு முன் மணவறையில், மாலை மாற்றுவதற்கு முன்பே, அவளுடைய அண்ணன் ஹேமசபேசன் மாப்பிள்ளையின் கையில் விபூதியை வைத்துச் சத்தியம் வாங்கினார். தில்லைநாதன் மனதாரத்தான் சத்தியம் செய்தார். அது நாற்பத்தோரு நாள் தாங்கியது.

பிறகு கடை முதலாளி, பரங்கிப்பேட்டைப் பக்கத்து இறால் பண்ணைகளுக்கு மோட்டார் விற்கும் பொறுப்பை அவருக்குக் கொடுத்தார். வியாழக்கிழமைதோறும் போக வேண்டும். அங்கே சவரியம்மாள் மெஸ் இருந்தது. நெத்திலி வறுவல், எறா தொக்கு, ஞாபகம் வந்தால் ஈரல் வறுவல். பதினாலு வருடம், எழுநூறு வியாழக்கிழமை. எத்தனை கெஞ்சினாலும் சவரியம்மாள் இரண்டாவது தட்டு வறுவல் மட்டும் தர மாட்டாள். “போதும் சார், ஒடம்புக்கு ஆவாது” என்பாள். காரமும் வர வரக் குறைந்துகொண்டே வந்தது. கைப்பக்குவம் தளர்ந்துவிட்டது போல என்று இவர் பொறுத்துக்கொண்டார்.

வீட்டில் சிக்கலே இல்லை. சிவகாமுவும் வியாழக்கிழமை இரவு வெறும் மோர் சாதத்தோடு நிறுத்திக்கொள்வாள். குரு பகவானுக்கு விரதம் என்றாள். வயிறு முட்ட எறா தின்றுவிட்டு வருகிறவருக்கு அது எத்தனை சௌகரியம் என்று அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொள்வார்.

இப்போது அந்த எழுநூறு வியாழக்கிழமையும் உறைந்து, உடைந்து, டீ வடிகட்டியில் கிடந்தன.

கொட்டித் தண்ணீர் ஊற்றியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். ஆனால் எதையும் பிரித்துப் பார்க்கிற கை அது. இரண்டாயிரத்தைந்நூறு அடி வாங்கிய கல்லின் உடைந்த முகம் எப்படி இருக்கும், அருள்மொழி சொன்ன மாதிரி பின்பக்கம்தான் பிய்ந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. ஏழு துண்டுகளையும் மோட்டார் வாஷர் போட்டு வைக்கும் சின்னத் தகர டப்பாவில் போட்டு, குளியலறைப் பரணில் பழைய குழாய்களுக்குப் பின்னால் தள்ளினார்.

“வரல” என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று கணக்குப் போட்டார்.

சிவகாமுவின் கணக்கு வேறு. வரவில்லை என்றால் தண்ணீர் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஒரு குடத்தை நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். பத்து மணிக்கு வாழைத்தண்டுச் சாறு. பதினொன்றுக்குப் பார்லித் தண்ணீர். பன்னிரண்டு மணிக்கு ஹேமசபேசன் நான்கு இளநீரோடு வந்தார். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்திராட்சம், எதையும் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசும் தொண்டை.

“என்னா மாப்ள, கல்லு எறங்கலியா?”

“மெதுவா பேசுங்க மச்சான்.”

“இதுல என்னாய்யா ரகசியம்? சுத்தமான சைவச் சாப்பாடு சாப்புடறவனுக்குக் கல்லு எதுக்கு வருதுன்னு எனக்குத் தெரியணும். லேப் ரிப்போர்ட் வரட்டும். நானே படிக்கிறேன்.”

தில்லைநாதன் நாலாவது இளநீரைக் குடித்துவிட்டுக் குளியலறைக்கு ஓடினார். அன்று மட்டும் பதினேழு தடவை. ஒவ்வொரு தடவையும் வெளியே வரும்போது அண்ணனும் தங்கையும், பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

“வரல.”

திங்கட்கிழமை சிவகாமு அருள்மொழிக்கே போன் போட்டுவிட்டாள். ஒலிபெருக்கியில் வேறு போட்டாள்.

“ஆறு நாளாச்சும்மா. ஒரு துண்டு கூட வரல.”

“ஒண்ணு கூடவா? அப்ப வழியில எங்கியாவது அடைச்சிருக்கலாம். புதன்கிழமைக்குள்ள வரலேன்னா கூட்டிட்டு வாங்க, ஸ்கேன் பாத்துருவோம். தேவைப்பட்டா இன்னொரு தடவ ஷாக் வேவ் குடுக்கலாம்.”

தில்லைநாதனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, அத்தனை தண்ணீர் குடித்த பிறகும். ஸ்கேன் பார்த்தால் உள்ளே கல் இருக்காது. வெளியேயும் வரவில்லை, உள்ளேயும் இல்லை என்றால் கல் எங்கே போனது? ஹேமசபேசன் பரணில் ஏறித் தேடுகிற காட்சி கண் முன்னால் வந்தது.

அப்போதுதான் கலைமணி வாத்தியார் நினைவுக்கு வந்தார்.

மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் பக்கத்து நாற்காலிக்காரர். திருவதிகையில் வீடு. “எனக்கு இது ஆறாவது கல்லு சார்” என்று விருது வாங்கியவர் மாதிரி அறிமுகம் செய்துகொண்டவர். வெங்காயம் பூண்டுகூடத் தொடாத மனிதர். பலவீனம் என்றால் முந்திரி ஒன்றுதான். போன் நம்பர் கொடுத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, அவசரமாக ஒரு மோட்டார் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தில்லைநாதன் திருவதிகைக்குப் பேருந்து ஏறினார்.

“வாங்க மோட்டாரு! கல்லு எறங்குச்சா?” என்று வாசலிலேயே வரவேற்றார் கலைமணி.

“எறங்குச்சு சார். அதுல ஒரு சின்னச் சிக்கல். எனக்கு வேற கல்லு வேணும்.”

கலைமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். “கல்லு வேணாம்னு அலையிறவங்களதான் சார் நான் இதுவரைக்கும் பாத்திருக்கேன்.”

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார் தில்லைநாதன். நெத்திலி என்ற சொல்லை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கேட்டு முடித்த கலைமணி உள்ளே போய், கம்மல் வாங்கும்போது தரும் வெல்வெட் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து பயபக்தியோடு திறந்தார். பஞ்சுப் படுக்கையில் வரிசையாகக் கற்கள். ஒவ்வொன்றின் கீழும் வாத்தியார் கையெழுத்தில் ஒரு சீட்டு.

“இது தைப்பூசத்தன்னிக்கு வந்தது. இது எங்க மாமனார் காரியத்துல, பந்தி நடந்துட்டிருக்கும்போது. இது இருக்கே, இது நான் பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்திட்டிருக்கும்போது கெளம்பி, மணி அடிக்கிறதுக்குள்ள வந்துருச்சு.”

“இந்தப் பெருசு?” தில்லைநாதன் கை நீட்டினார்.

கலைமணி பெட்டியைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார். “அத மட்டும் கேக்காதீங்க. அதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குடுக்க மனசு வராது.”

“சின்னதா ஏதாவது குடுங்க சார். ஒரு குடும்பம் நல்லா இருக்கும்.”

நெடுநேரம் யோசித்து, மூலையில் கிடந்த ஐந்து பொடிக்கற்களைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார் கலைமணி. “ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணது. அசல் ஆக்ஸலேட். கேரண்டி.”

“இந்த உதவிய மறக்க மாட்டேன் சார்.”

“என்னமோ போங்க. அடுத்த கல்லு வராம இருக்கத்தான் அந்த டெஸ்ட்டே வச்சிருக்காங்க. நீங்க என் கல்ல குடுத்து உங்களுக்கு வைத்தியம் பாத்துக்குறீங்க. நாளைக்கு உங்களுக்கு ரெண்டாவது கல்லு வந்தா, அதுல எனக்குப் பங்கு இல்ல.”

அந்த வார்த்தை பேருந்தில் கூடவே வந்தது. தில்லைநாதன் அதை ஜன்னல் பக்கம் தள்ளி உட்காரவைத்துவிட்டு, முதலில் வீடு, பிறகு சிறுநீரகம் என்று முடிவு செய்தார்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் புகுந்து, ஐந்து கற்களையும் வடிகட்டியில் தூவித் தண்ணீர் தெளித்துவிட்டுக் கத்தினார்.

“வந்துருச்சு!”

சிவகாமு வடிகட்டியை வாங்கி முற்றத்து வெயிலில் பிடித்தாள்.

“என்னாங்க, கருப்பா முள்ளு முள்ளா இருக்குது?”

“உள்ள இருட்டுலயே கெடந்ததுல்ல.”

அவள் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் உதடு லேசாகத் துடித்தது. கல் வந்த நிம்மதியில் அழப்போகிறாள் என்று நினைத்துத் தில்லைநாதன் உருகிப்போனார்.

“சரி. நாளைக்கு நானே கடலூர் போயி லேப்ல குடுத்துட்டு வந்துர்றேன். நீங்க அலைய வேணாம்” என்றாள்.

அவள் அடுப்படிக்குப் போனதும் பரணில் ஏறித் தகர டப்பாவைத் திறந்து பார்த்தார். ஏழு இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன. டப்பாவைத் தட்டிப் பார்த்தார். பரணைக் கையால் துழாவிப் பார்த்தார். மூலையில் ஒரு பல்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பல்லி கல்லைத் தின்னுமா? தின்றாலும் மூன்றோடு நிறுத்துமா? கடைசியில், டார்ச் வெளிச்சத்தில் தப்பாக எண்ணியிருப்போம் என்று தன்னைத்தானே நம்பவைத்துக்கொண்டு இறங்கினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வந்தது. ஹேமசபேசன் சொன்னபடியே வந்து, கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பதிகம் படிக்கிற குரலில் படித்தார்.

“கால்சியம் ஆக்ஸலேட்!”

தில்லைநாதனுக்குள் பதினான்கு நாளாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று பொலபொலவென்று உதிர்ந்தது. கலைமணி வாத்தியாருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

“பாத்தியா சிவகாமு? மாப்ள சொக்கத் தங்கம்! ஆட்டுக்கறி கல்லும் இல்ல, மீன் கல்லும் இல்ல.” ஹேமசபேசன் மேலே படித்தார். “தவிர்க்க வேண்டியவை. ஒண்ணு…” குரல் நின்றது. “முந்திரியா?”

தில்லைநாதன் இதை யோசிக்கவே இல்லை. ஹேமசபேசனுக்குப் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு இருந்தது. மாதாமாதம் இரண்டு கிலோ முந்திரி தங்கை வீட்டுக்கு வரும். சர்க்கரைப் பொங்கல், பாயாசம், சும்மா மெல்ல என்று எல்லாவற்றுக்கும் அதுதான்.

“என் தோப்பு முந்திரியா ஒனக்குக் கல்லு வச்சிச்சு?” ஹேமசபேசன் எழுந்தே நின்றுவிட்டார்.

“அப்படி இல்ல மச்சான், ஒரு பொதுவா…”

“எங்க தாத்தா காலத்துலேர்ந்து திங்கிறோம். ஒருத்தனுக்கும் கல்லு வரல! சரி, முந்திரி வேணாம். தோப்புல கீரை போட்டிருக்கேன், பசலைக்கீரை அனுப்புறேன்.”

“அதுவும் கூடாதாம்” என்றாள் சிவகாமு தாளைப் பார்த்து.

“பீட்ரூட்டு?”

“கூடாதாம்.”

“வேர்க்கடலை?”

“அதுவும் போட்டிருக்கு அண்ணே.”

“அப்ப இந்த மனுசன் என்னத்தத்தான்யா திங்கறது?”

நெத்திலி என்று தில்லைநாதனின் மனம் பதில் சொன்னது. வாய் நல்லவேளையாக மூடியிருந்தது.

“இந்த ரிப்போர்ட் தப்பு” என்று தீர்ப்புச் சொன்னார் ஹேமசபேசன். “சைவச் சாப்பாட்டுக்கே கெட்ட பேரு. நான் பாண்டிச்சேரியில வேற லேப்ல குடுத்துப் பாக்குறேன். மிச்சக் கல்லு எங்க? எடுங்க!”

தில்லைநாதனின் கண் அவரை அறியாமல் குளியலறைப் பக்கம் போனது. ஹேமசபேசனின் கண்ணும் அதைத் தொடர்ந்து போனது.

“அங்க இருக்கா மாப்ள?”

“இல்ல… அது வந்து மச்சான்…”

ஹேமசபேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளியலறையை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டுக்குள் சிவகாமு குறுக்கே வந்து நின்றாள்.

“மிச்சமெல்லாம் இல்ல அண்ணே. எல்லாத்தையும் லேப்ல குடுத்தாச்சு. நீங்க ஒக்காருங்க.”

“இல்ல சிவகாமு, என் முந்திரிக்கு…”

“ஒங்க முந்திரிக்கு ஒண்ணும் ஆவல. இவரு தண்ணியே குடிக்காம கெடந்தாரு, அதான் கல்லு. இனிமே நான் பாத்துக்குறேன். எம் புருசன் வயித்துக்குள்ள என்னா போவுது, என்னா வருதுன்னு ஊரக் கூட்டிப் படிக்க வேணாம். காப்பி போட்டுட்டேன், ஆறிரும்.”

பதினாலு வருடத்தில் அண்ணனிடம் அவள் இந்தக் குரலில் பேசித் தில்லைநாதன் கேட்டதில்லை. ஹேமசபேசனும் கேட்டதில்லை போல. காப்பியை வாங்கிக் குடித்தார். “தண்ணி நெறைய குடிய்யா” என்று முனகிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிப் போனார்.

தில்லைநாதன் மனைவியைப் பார்த்தார். இப்படி ஒரு அப்பாவியை ஏமாற்றுகிறோமே என்று கண் கலங்கியது. வருந்திக்கொண்டே ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். நாளை மறுநாள் வியாழக்கிழமை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

வியாழக்கிழமை பரங்கிப்பேட்டைக்குப் போகிற வழியில், வெள்ளாற்றுப் பாலத்தில் தகர டப்பாவைத் திறந்து, மிச்சமிருந்த நான்கு துண்டுகளையும் ஆற்றில் கொட்டினார். சாட்சிகள் நால்வரும் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போனார்கள். காற்று முகத்தில் அடித்தது. இடுப்பில் வலி இல்லை. மனதில் பயம் இல்லை. அருள்மொழிக்கும், அந்தக் கிண்ணத்துக்கும், இரண்டாயிரத்தைந்நூறு அடிக்கும், திருவதிகையின் கலைமணிக்கும் நன்றி சொல்லிக்கொண்டே இரண்டு இறால் பண்ணைகளில் வேலையை முடித்தார்.

ஒரு மணிக்குச் சவரியம்மாள் மெஸ்ஸில் தன்னுடைய வழக்கமான மூலை நாற்காலியில் உட்கார்ந்தார். எண்ணெயில் நெத்திலி பொரிகிற சத்தமே வாழ்த்துச் சொல்கிற மாதிரி இருந்தது.

“சவரியம்மா! மூணு வாரமாச்சு. நெத்திலி ஒரு தட்டு, எறா தொக்கு, ஈரல் இருந்தா அதுவும். இன்னிக்கி இல்லேன்னு மட்டும் சொல்லாத!”

சவரியம்மாள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்து இலையைப் போட்டாள். இலையில் சாதம் வைத்து, பூசணிக்காய்க் கூட்டு வைத்து, கெட்டித் தயிர் ஊற்றினாள். பக்கத்தில் ஒரு பெரிய ஜக்கு நிறைய எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரை ‘ணங்’ என்று வைத்தாள்.

தில்லைநாதன் இலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யாருக்கோ வைக்க வேண்டியத எனக்கு வச்சிட்டியா?”

“ஒங்களுக்குத்தான் சார். மூணு மாசத்துக்கு நெத்திலி, எறா, ஈரல் எதுவும் கெடையாது. ஜக்கு காலியானாதான் மோர்.”

“யாரு சொன்னது? எனக்கு வந்தது முந்திரிக் கல்லு! ரிப்போர்ட்டே இருக்குது!”

சவரியம்மாள் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, ஒரு படத்தைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள். லேப் தாள். யூரிக் ஆசிட் என்று இருந்தது. மேலே அவர் பெயர். மூலையில், வெல்ல நிறத்தில் மூன்று துண்டுகளின் படம்.

“பரண்லேர்ந்து எடுத்த மூணு கல்லுக்குத் தனியா டெஸ்ட் எடுத்து நேத்தே வாட்ஸப்புல அனுப்பிட்டாங்க சார், பதினாலு வருசமா ஒங்களுக்கு எத்தன துண்டு வைக்கணும், எவ்வளவு காரம் போடணும்னு வியாழக்கெழம காலையில போன் பண்ணிச் சொல்றதே ஒங்க வீட்டம்மாதானே!”